இறந்து 10 வருடம் கழித்து அப்பா கையெழுத்துப் போட்ட பத்திரம்

அப்பா இறந்தது 2009. அவர் 'கையெழுத்துப் போட்ட' பவர் பத்திரத்தின் (தன் சார்பில் சொத்தை விற்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) தேதி 2019.

வங்கிக் கடனுக்காக வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான் இது தெரிந்தது. அப்பா பெயரில் இருந்த காலி மனைக்கு ஒரு பவர், அதை வைத்து மூன்றே வாரத்தில் ஒரு கிரயம். நகல் மனு போட்டு பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். அப்பா பெயரோடு இருந்த படத்தில் யாரோ ஒருவர், அடர்ந்த மீசையோடு. அப்பா மீசையே வைத்ததில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "யாருப்பா இந்த ஆளு?" என்று மட்டும் கேட்டார்.

சரி, அது முதல் ஏமாற்று. இரண்டாவதுக்கு நானே பணம் கொடுத்தேன். இந்தப் பதிவு அதற்காகத்தான்.

தெரிந்தவர் மூலம் ஒரு 'டாக்குமென்ட் ஆலோசகர்' வந்தார். பதிவுச் சட்டம் 77-ஏ பிரிவில் மாவட்டப் பதிவாளருக்கு மனு கொடுத்தால் பத்திரம் ரத்து, கோர்ட் படியே ஏற வேண்டாம் என்றார். தமிழ்நாட்டில் 2022இல் அப்படி ஒரு பிரிவு வந்தது உண்மைதான். ஆனால் அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இவர் என்னிடம் முன்பணம் வாங்கினார்! எட்டு மாதம், எப்போது போன் செய்தாலும் "ஃபைல் மேலே போயிருக்கு சார்". கொடுத்திருந்த தாய்ப்பத்திரத்தைத் திரும்ப வாங்கவே தனியாக ஒன்றரை மாதம் அலைந்தேன். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

எட்டு மாதம்தானே என்று நினைக்க வேண்டாம். மோசடிப் பத்திரத்தை எதிர்த்து சிவில் வழக்கு போட, பொதுவாக விஷயம் தெரிந்ததிலிருந்து 3 வருடம்தான் கெடு. எனக்கு அது வில்லங்கச் சான்று கையில் வந்த நாளிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. மனு கொடுத்து அலைந்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள் என்று நம்பி உட்கார முடியாது.

அப்புறம்தான் ஒழுங்கான வக்கீலிடம் போனேன். முதல் கேள்வியே, "பத்திரத்தை எழுதிக்கொடுத்தது நீங்களா, அப்பாவா?" இரண்டு பேரும் இல்லை. எழுதிக்கொடுத்தவர் என்றால் ரத்து கேட்க வேண்டும். அதில் தரப்பே இல்லாதவர், அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் அறிவிக்கும்படி (விளம்புகை) கேட்டால் போதும். உச்ச நீதிமன்றம் 2010இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, நீதிமன்றக் கட்டணமும் இதைப் பொறுத்து மாறும் என்றார். கூடவே, மனையை மறுபடி விற்காமலிருக்க இடைக்காலத் தடை மனு. வழக்கு நடக்கும்போது யாராவது வாங்கினாலும், சொத்து மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும்.

மனையை வாங்கியவர் நானும் ஏமாந்தவன் என்கிறார். இருக்கலாம், பாவம். ஆனால் ஆள்மாறாட்டம் செய்து விற்றவனிடம் உரிமையே இல்லாதபோது அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? அவர் பணத்தை அவனிடம்தான் கேட்க வேண்டும்.

காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர் சார்" என்று திருப்பி அனுப்பினார்கள். செத்தவர் பெயரில் இன்னொருவர் கைரேகை வைத்தது எப்படி சிவில் ஆகும்? இறப்புச் சான்றிதழையும் பத்திர நகலையும் வைத்து எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். அதற்கும் அசையாவிட்டால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 175(3)இன்படி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நடந்தது 2019 என்பதால் குற்றப் பிரிவுகள் மட்டும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐபிசி) உள்ளவைதான். பதிவுச் சட்டம் 82ஆம் பிரிவில் ஆள்மாறாட்டத்துக்குத் தனியாக 7 வருடம் வரை சிறை உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ள கைரேகையைப் பாதுகாத்து ஒப்பிடச் சொல்லியும் கேட்டிருக்கிறோம்.

இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது. ஆலோசகர் போனை எடுப்பதில்லை. மீசைக்காரர் யார் என்று இன்னும் தெரியவில்லை.