ஆல்-இன்-ஒன் கணினி: கார்டை உள்ளே மாற்றுவதா, வெளியே வைப்பதா?

திரைக்குப் பின்னாலேயே எல்லாப் பாகங்களும் அடங்கிய ஆல்-இன்-ஒன்னில், திரையில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சூட்டைப் பற்றித்தான் பேசுவேன். 2009 முதல் 2011 வரை வந்த ஆப்பிளின் 27 அங்குல ஐமேக்கில் இருப்பது எம்எக்ஸ்எம் என்ற, தனியாகக் கழற்றக்கூடிய வகைக் கார்டு, மாற்ற முடியும். ஆனால் திரைக்குப் பின்னால் அதே ஒடுக்கமான இடம், அதே ஃபேன். கூடுதல் வாட் இழுக்கும் கார்டைப் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் பத்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு திக்கித் திக்கி நகரும். பின்பக்கம் கை வைத்தாலே காரணம் புரிந்துவிடும். கார்டை போர்டிலேயே சால்டர் செய்த மாடல்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கார்டை வெளியே வைத்துக் கேபிளால் கணினியோடு இணைக்கும் ஈஜிபியு பெட்டிக்குத் தனி பவர் சப்ளை, தனி ஃபேன். கணினிக்குள் சூடு ஏறாது. அந்த இணைப்பான தண்டர்போல்ட் 3 தருவது நொடிக்கு 40 ஜிகாபிட்தான் என்பதால் கார்டின் முழு வேகம் கிடைக்காது. படத்தைக் கணினித் திரைக்கே திருப்பி அனுப்பினால் இன்னும் குறையும். தனி மானிட்டரைப் பெட்டியிலேயே செருகுங்கள். பெட்டியின் விலை உறுத்தும், உண்மைதான்.

தண்டர்போல்ட் இருந்து, உங்கள் கணினி ஈஜிபியுவை ஏற்றுக்கொள்ளும் என்றால் நான் வெளியே வைப்பதையே சொல்வேன். இல்லையென்றால், புது கார்டு தேடுமுன் உள்ளே படிந்த தூசியைத் தட்டி, சிப்பின் சூட்டை வெளியே கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள்.