காப்ளின்கள் எப்போது மனிதர் வரிசையிலிருந்து நீங்கினார்கள்? மான்ஸ்டர் மேனுவல் புதிய பதிப்பு குறித்து

டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, கற்பனை நாயகர்களாக விளையாடும் ஆட்டம். அதை நடத்துபவர்களுக்கான உயிரினத் தொகுப்பு நூலான மான்ஸ்டர் மேனுவல், 2025 பிப்ரவரியில் புதிய பதிப்பாக வெளிவந்தது. 384 பக்கங்களில் 500க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இடம்பெற்றுள்ளன. வெளிவந்தது முதல் இதை வைத்தே ஆட்டங்களை நடத்தி வருகிறேன். ஒரு கற்பனை உலகில் யாரைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் நூல் இது என்பதால், எந்தக் காரணத்துக்காக அஞ்சச் சொல்கிறது என்ற கேள்வியோடுதான் இதைப் படித்தேன்.

பயன்பாட்டைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. முன்பு பேய் வகை, டிராகன் வகை என்று குழுக்களாக அடுக்கப்பட்டிருந்த உயிரினங்கள் இப்போது அவற்றின் பெயரின் அகர வரிசையில் வருகின்றன. ஆட்டத்தின் நடுவே தேடி எடுப்பது எளிதாகிவிட்டது. அதேவேளை பல பதிவுகளில் பின்னணி விவரிப்பு 2014ஆம் ஆண்டுப் பதிப்பைவிடச் சுருங்கியிருக்கிறது. அந்தச் சுருக்கத்தின் விலை என்ன என்பது பின்னால் தெரியவரும்.

இந்தப் பதிப்பு எதற்கு விடைகாண முயல்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1974இல் தொடங்கிய இந்த ஆட்டத்தில், கற்பனைக் கதைகளின் மனித வடிவ அரக்க இனங்களான ஓர்க்குகளும் காப்ளின்களும் நெடுங்காலம் பிறப்பிலேயே தீயவர்களாகவே இருந்தார்கள். அவர்களுக்கு மொழி உண்டு, கடவுள் உண்டு, குடி உண்டு. ஆனாலும் அவர்களைக் கொல்வதற்கு நாயகர்கள் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. 2014ஆம் ஆண்டு விதிகளில் ரேஞ்சர் என்னும் காட்டு வீரர், தாம் சிறப்பாக வேட்டையாடும் எதிரியாக ஹியூமனாய்டு, அதாவது மனிதரை ஒத்த, இனங்களில் இரண்டைத் தேர்ந்துகொள்ளலாம் என்று இருந்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் மீதான பகையே அங்கு திறமையாக எண்ணப்பட்டது. 2016இல் வந்த ஒரு துணைநூல், ஓர்க்காக விளையாட விரும்புபவரின் அறிவுத்திறனில் இரண்டு புள்ளிகளைப் பிறப்பிலேயே குறைத்தது. ஓர்க்குகளும் டிரோ எனப்படும் இருள் எல்ஃப்களும் சித்திரிக்கப்பட்ட விதம், உண்மை உலகில் சில இனத்தவர் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை ஒத்திருந்தது என்பதை ஆட்டத்தை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2020 ஜூனில் ஒப்புக்கொண்டது. 2024இல் வந்த வீரர் கையேட்டில் ‘ரேஸ்’ (இனம்) என்ற சொல் போய் ‘ஸ்பீசிஸ்’ (உயிரினம்) வந்தது. ஓர்க் பத்து வகை நாயகர்களுள் ஒருவராக இடம்பெற்றார். இவை நல்ல மாற்றங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

புதிய மான்ஸ்டர் மேனுவல் இந்தத் திருத்தத்தை நிறைவுசெய்ய முயல்கிறது. ஓர்க்குகளுக்கு இதில் தனிப் பதிவு இல்லை. கொள்ளைக்காரர், பூசாரி, முரடர், கொள்ளைக்கூட்டத் தலைவர் போன்ற பொதுவான பதிவுகளை எந்த இனத்தவருக்கும் பொருத்திக்கொள்ளலாம். இந்த நூலின் மிகச் சிறந்த முடிவு இதுவே என்பேன். வழிமறிக்கும் கும்பலின் தலைவர் எல்ஃபாக இருக்கலாம், குள்ளராக இருக்கலாம், மனிதராகவும் இருக்கலாம். அவரைக் கண்டு அஞ்சுவதற்கான காரணம் அவர் ஏற்றுக்கொண்ட தொழில்தான்.

காப்ளின்கள் விஷயத்தில்தான் நூல் இடறுகிறது. முன்பு ஹியூமனாய்டு வகையில் இருந்த காப்ளின்கள் இப்போது ‘ஃபே’ என்னும் மாய உலக உயிர்களாகிவிட்டார்கள். பல்லி போன்ற கோபோல்டுகள் டிராகன் வகைக்கும், கழுதைப்புலி போன்ற நோல்கள் நரக உயிர்களின் வகைக்கும் மாற்றப்பட்டிருக்கிறார்கள். முதல் பார்வையில் இது வெறும் வகைப்பாடு போலத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகொரு நாள் ஆட்டத்தில் ஒரு வீரர், ஓடிக்கொண்டிருந்த காப்ளின் ஒருவரைக் கொல்லாமல் நிறுத்தி விசாரிப்பதற்காக ‘ஹோல்ட் பெர்சன்’ மந்திரத்தை ஏவினார். அது ஹியூமனாய்டுகளை மட்டுமே கட்டிப்போடும் மந்திரம். புதிய விதிப்படி அது பலிக்காது என்று நான் சொன்னபோது, “அப்படியானால் இவர் இப்போது ஆள் இல்லையா?” என்று அவர் கேட்டார். என்னிடம் நேர்மையான விடை இல்லை. பேசி நட்பாக்கிக்கொள்ள உதவும் ‘சார்ம் பெர்சன்’ மந்திரத்துக்கும் இதே கதிதான். உயிரோடு பிடிப்பதற்கும் இணங்க வைப்பதற்கும் இருந்த இந்த இரண்டு எளிய வழிகள் அடைபட்டுவிட்டன. வாளும் அம்பும் முன்போலவே வேலை செய்கின்றன. இத்தனைக்கும் 2022ஆம் ஆண்டுத் துணைநூலின்படி நாயகராக விளையாடப்படும் காப்ளின் இன்றும் ஹியூமனாய்டுதான். மேசையில் ஒருவர் அவருக்காகப் பகடை உருட்டினால் அவர் ஆள். எதிரே நின்றால் ஆள் இல்லை.

ஒரு மக்களைத் தீயவர் என்று சொல்வது தவறு என்று உணர்ந்தவர்கள், அவர்களை மக்கள் வரிசையிலிருந்தே நீக்கிவிட்டார்கள் என்பதுதான் என் மனக்குறை. நூலில் உள்ள ‘காப்ளின் வீரர்’ பதிவில் இயல்பு பழைய ‘தீமை’யிலிருந்து ‘ஒழுங்கற்ற நடுநிலை’க்கு மாறியிருப்பது உண்மை. ஆனால் ஒருவரை அயலாராக்கும் மற்றமை என்பது குணத்தைக் குறிக்கும் அந்த ஒற்றைச் சொல்லில் மட்டும் இருப்பதில்லை. ஒருவரிடம் பேச முடியுமா, அவர் நம் சொல்லுக்கு மசிவாரா, அவர் துயரம் நமக்குப் புரியுமா என்பவற்றில்தான் அது இருக்கிறது. காப்ளின்களின் குடியிருப்புகள், சண்டை சச்சரவுகள், அவர்களுக்குள்ளேயே மாறுபடும் கூட்டங்கள் ஆகியவற்றை எழுதியிருந்தால் அந்த அச்சம் தானாகவே சிக்கலடைந்து ஆழம் பெற்றிருக்கும். அதற்குத் தேவையான இடம்தான் சுருங்கிய விவரிப்புகளில் காணாமற் போயிருக்கிறது. ஓர்க்குகளுக்கும் இதுவே நேர்ந்தது: அவர்களைப் பற்றிய அவதூறு நீங்கியது, அதன் இடத்தில் ஓர் ஊரோ குலமோ எழுதப்படவில்லை.

அச்சத்தை எப்படி எழுத வேண்டும் என்பது இந்த ஆட்டத்துக்குத் தெரியாததல்ல. மைண்ட் ஃப்ளேயரைப் பாருங்கள். மூளையை உண்டு வாழும் அந்த உயிர், தன் இனத்தைப் பெருக்கப் புழுவொன்றைப் பிறரின் தலைக்குள் விடுகிறது. அந்த உடலே சில நாட்களில் இன்னொரு மைண்ட் ஃப்ளேயராகிவிடுகிறது. அது நம்மை வெறுப்பதில்லை. நாம் அதற்கு உணவாகவும் தொட்டிலாகவும் இருக்கிறோம், அவ்வளவே. அதன் தேவை நமக்கு விளங்குகிறது, விளங்குவதால்தான் குலைநடுங்குகிறது. எதிரே நிற்கும் அயலுயிர் நேற்று வரை நம் தோழராக இருந்திருக்கலாம் என்பதால், அவர்கள், நாம் என்ற கோடு அங்கே நிலைகொள்வதில்லை. என் ஆட்டங்களில் மேசை முழுதும் அமைதியான தருணங்கள் பெரும்பாலும் இந்த உயிர் வரும்போதுதான் வந்திருக்கின்றன. பெட்டியாக உருமாறிக் காத்திருக்கும் மிமிக்கும் இத்தகையதே. எந்த மக்களின் சாயலையும் கடன் வாங்காமல் அது அஞ்ச வைக்கிறது.

ஆட்டம் நடத்துபவர்களுக்கு இந்த நூலைப் பரிந்துரைக்கிறேன். விதிகள் தெளிவாக உள்ளன, உயிரினங்களின் மோதல் திறன்கள் முன்பைவிடச் சுவையாக வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ‘வகை’ என்று குறிக்கப்பட்டுள்ள அந்தச் சிறிய சொல்லை மட்டும் ஒவ்வொரு பதிவிலும் நின்று வாசியுங்கள். என் பிரதியில் காப்ளின் பதிவுகளில் ‘ஃபே’ என்பதைப் பென்சிலால் அடித்து ‘ஹியூமனாய்டு’ என்று எழுதியிருக்கிறேன். ஓடிப்போன அந்தக் காப்ளின் அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் வருவார். அந்த வீரரின் மந்திரம் இம்முறை பலிக்கும்.