ரயில்ல போய் நடக்குறது: நாலு வருஷ அனுபவம் (தயவுசெஞ்சு லிஃப்ட் குடுக்காதீங்கய்யா)

சென்னைல இருக்க கூட்டாளி போன வாரம் போன்ல கேட்டான், ஏல நீ ஞாயித்துக்கிழமை ஆனா ரயிலேறிப் போய் எங்கயோ நடக்கியாமே, அதுல அப்படி என்ன இருக்கு, நான் ஊருக்கு வந்தா எனக்கும் ஒத்து வருமான்னு. அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பிச்சு கோவம் கோவமா வந்துச்சு, அதான் உக்காந்து டைப் பண்ணிட்டேன்.

நமக்கு தென்காசி பக்கம் பாவூர்சத்திரம். மார்க்கெட்ல காய்கறி லாரி சத்தத்துல விடியற ஊரு. திருநெல்வேலி - செங்கோட்டை லைன் நம்ம ஊரு வழியாத்தான் போகுது, 1903ல போட்டது, 2012ல அகலப்பாதை ஆச்சு. கொரோனா டைம்ல பாசஞ்சருக்கு குறைஞ்ச டிக்கெட்ட 30 ஆக்கிட்டாங்க, 2024 பிப்ரவரி கடைசிலதான் திரும்ப 10க்கு வந்துச்சு. நான் மாசத்துக்கு ஒண்ணு நடந்துட்டு இருந்தவன் வாராவாரம் கிளம்புனது அதுக்கப்புறம்தான், இதுல மறைக்க ஒண்ணுமில்ல.

ரயில்ல போறதுல ஒரே ஒரு சுகம் இருக்கு, அது பைக்குல போறவனுக்குப் புரியாது. பைக்க நிறுத்துன இடத்துக்கே திரும்பி வரணும்ல, ரயில்ல அது கிடையாது, ஒரு ஸ்டேஷன்ல இறங்கி நடந்து அடுத்த ஸ்டேஷன்ல ஏறிக்கிடலாம். கல்லிடைக்குறிச்சில இறங்கி கன்னடியன் கால்வாய்க் கரையோடயே வீரவநல்லூர் வரைக்கும் வாங்க, கார் பருவ நெல் சாகுபடிக்கு தண்ணி திறந்துவிட்ட புதுசுல வரணும், ஒரு பக்கம் வாய்க்கா தளும்பிட்டு ஓடும் இந்தப் பக்கம் நாத்தங்கால் பச்சப் பசேல்னு கிடக்கும், மேக்க திரும்புனா மலை மேல மேகம் உக்காந்திருக்கும். ஒரு மாட்டப் பின்தொடர்ந்து போய் அது போன தடத்துல வெட்டுன கால்வாய்னு கதை சொல்லுவாங்க, அந்த வளைவு நெளிவப் பாத்தா நம்பத்தான் தோணுது. அடுத்தது வீரவநல்லூர்ல இறங்கி திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரவருணில சேருற இடம், கோயில் கோபுரத்துக்குள்ள மரச்சிற்பமும் பழைய ஓவியமும் இருக்கு, மருத மரம் பூரா கொக்கும் நாரையும். ஊர்க்காரங்களே காப்பாத்துன பறவைக அதெல்லாம், 2005ல காப்பகமா அறிவிச்சாங்க. காருகுறிச்சிப் பக்கம் நடந்தா மண்பானை வாங்காம வர முடியாது, ஒரு தடவ வாங்கி ரயில்ல மடியிலயே வச்சிட்டு வந்து வீட்டு வாசல்ல கொண்டு போட்டு உடைச்சேன்.

இவ்வளவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நடக்க விட மாட்டாங்க.

நாய் கடிக்கும்னோ வெயில்னோ நினைக்காதீங்க, பிரச்சனை மனுஷங்கதான், அதுவும் நல்ல மனுஷங்க. ரோட்டுல பத்து நிமிஷம் தனியா நடந்தா போதும், பின்னால டிவிஎஸ் எக்ஸ்எல் ஸ்லோ ஆகும், "அண்ணாச்சி நடந்தா போறிய? ஏறுங்க". இல்லண்ணே சும்மா நடக்கேன்னு சொன்னா மூஞ்சி மாறிரும். சும்மா எவனாவது நடப்பானா? பஸ்ஸ விட்டுட்டியளா, வீட்டுல சண்டையா, சுகர் இருக்கா, எத்தன வருஷமா இருக்கு. ஒருத்தர் பத்தடி என் கூடயே வண்டிய உருட்டிட்டு வந்து எடம் பாக்க வந்த புரோக்கர்தானன்னு கேட்டாரு. கால்வாய்க் கரைல தப்பிச்சோம்னு நினைச்சா அங்கயும் வண்டில புல்லுக்கட்டோட ஒருத்தர் வந்து, கட்டுக்கு மேல ஏறி உக்காருங்கன்னுட்டாரு.

இதுக்கு நானா ஒரு மருந்து கண்டுபிடிச்சேன். நேத்திக்கடன், நடந்தே வாரேன்னு வேண்டியிருக்கேன்னு சொல்றது. அவ்வளவுதான், அடுத்த கேள்வி கிடையாது, கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருவாங்க. ஒரு வருஷம் ஓட்டுனேன் இதை வச்சு.

போன ஞாயித்துக்கிழமை கீழக்கடையத்துல இறங்கி மலையடிவாரம் பாத்து நடந்துட்டு இருந்தேன். கடையம்னா செல்லம்மா பாரதியோட ஊரு, பாரதியார் 1918 கடைசில இருந்து 1920 வரைக்கும் இங்கதான் இருந்தாரு, நித்யகல்யாணி அம்மன் கோயில் பக்கம் நடந்து போவாராம், அவரையும் எவனாச்சும் வண்டில ஏறச் சொல்லியிருப்பான். எனக்குக் கோயிலுக்குள்ள போற எண்ணமே இல்ல, அந்தப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு மத்தியான வண்டியப் பிடிக்கணும். வழில ஒரு ஆச்சி வெள்ளாடு பத்திட்டு வந்தவ, எங்கய்யா வெயில்ல நடக்கன்னு கேட்டா. வாய் பழக்கம், நேத்திக்கடன் ஆச்சின்னுட்டேன். உடனே முந்தில முடிஞ்சிருந்த இருவது ரூவாய அவுத்து கைல குடுத்து, பேரனுக்கு பரீட்சை ஊத்திக்கிச்சி, நடந்து வாறவன் கைல குடுத்தா அம்மா கேப்பா, உண்டியல்ல போட்டுருன்னா.

என்ன செய்ய. போனா நடை சாத்தியாச்சு. சாயங்காலம் திறக்குற வரைக்கும் வெளிய திண்டுல உக்காந்திருந்தேன், மலைக்காத்து ஆள அள்ளிட்டுப் போற மாதிரி அடிச்சுச்சு, சாரல் ரெண்டு தடவ வந்து போச்சு, மயிலு ஒண்ணு கத்திட்டே கிடந்துச்சு, நாலு வருஷத்துல அப்படி ஒரு மத்தியானம் உக்காந்தது இல்ல. ஆனா மத்தியான வண்டி போச்சு, பசி வேற, கடையம் வந்தாத்தான் கடை. நடை திறந்து காச போட்டுட்டு, பேரன் பேரு கேக்காம வந்துட்டமேன்னு சன்னதில நின்னு முழிச்சேன்.

அதனால கேட்டதுக்கு பதில்: பத்துக்கு நாலு மார்க்குதான் போடுவேன். நிம்மதியா நடக்கணும்னா மெரினாலயே நட, அங்க எவனும் உன்ன கேக்க மாட்டான். அடுத்த ஞாயிறு ஆழ்வார்குறிச்சில இறங்கி சிவசைலம் போறேன், வாரதா இருந்தா சனிக்கிழமை ராத்திரியே வந்துரு, தொப்பி எடுத்துக்க, தண்ணி ரெண்டு பாட்டில். நேத்திக்கடன்னு மட்டும் எவன்கிட்டயும் வாயத் திறந்துறாத.