தலைக்காய வழக்குக்கு நரம்பு உளவியல் மதிப்பீடு: எப்போது எடுப்பது, எங்கே கோட்டைவிடுவது

விபத்தில் கால் உடைந்தால் எக்ஸ்ரேயே சாட்சி. தலையில் அடிபட்டவருக்கு அந்த வசதி கிடையாது. சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் தேடுவதற்கானது. மூளையின் நரம்பிழைகள் இழுபட்டு அறுந்திருந்தால் பெரும்பாலும் அதில் தெரியாது. நுண்ணிய கசிவுகளைக் காட்டும் தனிப் படவரிசை எம்ஆர்ஐயில் உண்டு, ஆனால் அதையும் கேட்டு எடுக்க வேண்டும். "ஸ்கேன் நார்மல்" என்பதைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு பேரத்தைத் தொடங்கும். இங்கே கைகொடுப்பது நரம்பு உளவியல் மதிப்பீடு. ஞாபகம், கவனம், யோசிக்கும் வேகம், திட்டமிடும் திறன் ஆகியவற்றைச் சோதித்து எண்ணாகவும் அறிக்கையாகவும் தரும் சேவை இது. இழப்பீட்டுக்காகக் காசு கொடுத்து வாங்கும் அறிக்கைகளில் இந்த அளவுக்கு உதவுவதும் வேறில்லை, இந்த அளவுக்குச் சொதப்பலாக வருவதும் வேறில்லை.

முழு மதிப்பீடு என்றால் 4 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். முதலில் நேர்காணல், பிறகு சோதனைகள். 15 சொற்களை ஐந்து தடவை வாசித்துக் காட்டிவிட்டு, அரை மணி நேரம் கழித்து எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொல்வார்கள். "பச்சை" என்ற சொல் சிவப்பு மையில் அச்சாகியிருக்கும், மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். காயம்பட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் நேரம் போகப் போக வித்தியாசம் தெரியலாம். முக்கால் மணி நேரத்தில், 30 மதிப்பெண் கொண்ட ஒரே தாளில் முடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தாள் மறதிநோய்க்கு முந்தைய நிலையை வடிகட்ட உருவானது. தலைக்காய வழக்கில் அதை மட்டும் நீட்டினால் எதிர்த்தரப்பு நிபுணர் பத்து நிமிடத்தில் ஓரங்கட்டிவிடுவார்.

குடும்பத்தில் ஒருவரிடம் தனியாகப் பேசினார்களா என்பது அடுத்த உரைகல். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவருக்குப் பல சமயம் தன் குறை தனக்கே தெரிவதில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லை" என்பார். வீட்டில் கேட்டால் கதை வேறு: அடுப்பை அணைக்க மறக்கிறார், சின்ன விஷயத்துக்கு வெடிக்கிறார், வாசனை தெரியவில்லை. வாசனை போவது தலைக்காயத்தில் அடிக்கடி நடப்பது, ஆனால் யாரும் கேட்காமல் விட்டுவிடுவதும் அதைத்தான். சமையலை நம்பிப் பிழைப்பவருக்கு அது தொழிலையே பறிக்கும். எரிவாயுக் கசிவு மூக்குக்கு எட்டாது என்பது தனி ஆபத்து.

காலக்கணக்கு தவறினால் நல்ல அறிக்கையும் வீண். மூளை முதல் ஆறு மாதத்தில் வேகமாகத் தேறும், பிறகு மெதுவாக ஏறத்தாழ இரண்டு ஆண்டு வரை. மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் எடுப்பது சிகிச்சைக்கு உதவும். நிரந்தரப் பாதிப்பு எவ்வளவு என்று சொல்ல ஓராண்டாவது கடந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே "முழுமையான இறுதித் தீர்வு" என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டால், பின்னால் வலிப்பு வந்தாலும் பொதுவாகத் திரும்பக் கேட்க முடியாது. அதேசமயம், வழக்குப் போடும் கெடு சட்டத்துக்குச் சட்டம் மாறும், மதிப்பீட்டுக்காக அது காத்திருக்காது. வழக்கை நேரத்தில் பதிந்துவிட்டு இறுதி மதிப்பீட்டைப் பிறகு எடுப்பதே சரியான வரிசை. ஒரே சோதனையைச் சில மாதத்துக்குள் மறுபடி எழுதினால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும் என்பதால், எதிர்த்தரப்பு நிபுணரிடம் போவதற்கு முன் முந்தைய தேதிகளும் சோதனைப் பட்டியலும் அவர் கையில் இருக்க வேண்டும்.

பலர் சறுக்குவது முயற்சிச் சோதனையில். நடிக்கிறாரா, முழு முயற்சி எடுக்கிறாரா என்று பார்க்கும் சோதனைகளை இடையிடையே செருகியிருப்பார்கள். முதலில் படங்களைக் காட்டுவார்கள், பிறகு இரண்டிரண்டாக வைத்து எது பார்த்தது என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாகும். பாதிக்கும் மிகக் குறைவாக வந்தால், விடை தெரிந்தே தப்பாகச் சொன்னார் என்ற முடிவுக்குத்தான் வருவார்கள். அதோடு அன்றைய மற்ற எண்களும் செல்லாக்காசு. உண்மையான காயக்காரரும் "கொஞ்சம் கூட்டிக் காட்டுவோம்" என்று போய் இதில் மாட்டிக்கொள்வதுண்டு. சோதனைகளைத் தேடிப் படித்துவிட்டுப் போவதும் அதே வினைதான். இந்தச் சோதனையே இல்லாத அறிக்கை உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் வாங்காதீர்கள். அது குறுக்கு விசாரணையில் நிற்காது.

அடுத்த ஓட்டை மொழி. மதிப்பெண்ணை ஒப்பிடும் அட்டவணை யாரிடம் எடுத்தது என்று கேளுங்கள். வேறு மொழியில், வேறு படிப்பளவில் எடுத்த அட்டவணையோடு ஒப்பிட்டால், காயமே இல்லாதவரும் பாதிக்கப்பட்டவராகத் தெரிவார். விபத்துக்கு முந்தைய அறிவுத்திறனைக் கணிக்க, ஒலிக்கும் எழுத்துக்கும் ஒட்டாத ஆங்கிலச் சொற்களை வாசிக்கச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. எழுதியபடியே வாசிக்கும் மொழிக்காரருக்கு அதை அப்படியே பெயர்த்துவைப்பதில் பொருளில்லை. அங்கே பழைய மதிப்பெண் பட்டியல், வேலையிடத்து மதிப்பீடுகள், பதவி உயர்வுக் கடிதம்தான் ஆதாரம். முன்பு மிகத் திறமையாக இருந்தவருக்கு இன்று "சராசரி" என்று வந்தால் அது இழப்புதான். பழைய தாள் இல்லாமல் அதை நிறுவ முடியாது.

இந்தச் சேவையின் பிறவிக் குறை ஒன்று உண்டு. அமைதியான அறை, ஒரு நேரத்தில் ஒரு வேலை, எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்ல ஒருவர்: மூளையின் முன்பகுதியில் அடிபட்டவருக்கு வெளியில் கிடைக்காதது எல்லாம் அங்கே கிடைக்கிறது. அதனால் மதிப்பெண் நன்றாக வரும், வேலைக்குப் போனால் ஒரு வாரம் தாங்காது. நல்ல நிபுணர் இதை எதிர்பார்த்து, கடைக்கு அனுப்பிப் பல வேலைகளை ஒன்றாகச் செய்யவைக்கும் சோதனையைச் சேர்ப்பார், அல்லது வேலையிடத்தில் நேரில் கவனிக்கச் சொல்வார். மறுபக்கம், இருபது சோதனை வைத்தால் ஆரோக்கியமானவருக்கும் ஒன்றிரண்டு தாழ்ந்துதான் வரும். அந்த ஒன்றிரண்டை மட்டும் பொறுக்கி "மூளைப் பாதிப்பு" என்று எழுதியிருந்தால் அறிக்கை பலவீனமானது. வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, வலிப்பு மாத்திரை ஆகியவையும் மதிப்பெண்ணைக் கீழே இழுக்கும். அவற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது ஆம்புலன்ஸ் குறிப்பும் அவசரப் பிரிவுக் குறிப்பும் அவசியம். சுயநினைவு எவ்வளவு இருந்தது என்பதை 3 முதல் 15 வரை எண்ணால் சொல்லும் கிளாஸ்கோ கோமா அளவு அங்கேதான் பதிவாகியிருக்கும். 13 அல்லது அதற்கு மேல் என்றால் லேசான காயம், 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையானது. அதைவிட முக்கியம், விபத்துக்குப் பிறகு தொடர்ச்சியான நினைவு எப்போது திரும்பியது என்பது. 24 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் "லேசான காயம்" என்ற வாதம் தளரும். மருந்துப் பட்டியல், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாம் கையில் இருக்கட்டும். கண்ணாடி இல்லாமல் எழுதிய சோதனைகள் பின்னால் தகராறாகின்றன.

அறிக்கையின் கடைசிப் பக்கங்களை முதலில் படியுங்கள். "ஞாபகம் குறைவு" என்று நின்றுவிட்டால் அதை வைத்துத் தொகை கணக்கிட முடியாது. பழைய வேலையில் எந்தப் பணி முடியாது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நினைவூட்டவும் கண்காணிக்கவும் ஆள் வேண்டும், பணத்தைத் தானே நிர்வகிக்க முடியுமா, வலிப்பு வரும் வாய்ப்பைப் பற்றி எந்த மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். உடல் தேறிய காயக்காரருக்குத் தூக்கிவிட ஆள் தேவைப்படாது, ஆனால் பக்கத்தில் ஆள் தேவைப்படும். அந்த மணி நேரங்கள் அறிக்கையில் இல்லையென்றால் கோரிக்கையிலும் இருக்காது.