எல்லா வலிக்கும் "தசை முடிச்சு" என்பவரிடம் உஷார்

மனிதர், நாய், குதிரை யாராக இருந்தாலும் தசைவலியைக் கையாலேயே தீர்ப்பதாகச் சொல்லும் ஒருவரிடம் எங்கள் நாயைக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். அவர் பேச்சும் நடந்துகொண்ட விதமும் தெரிந்தால் போதும்.

நாய் பின்னங்காலை நொண்டியது. நிற்கும்போது விரல் நுனி மட்டும் தரையில் படும். உட்கார்ந்தால் அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிவிடும். அவர் அதை நடக்கவிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் ஏற்றியதும் தொடையில் கட்டைவிரலை ஊன்றி, "தசை முடிச்சு" என்றார். போகிற போக்கில் என் தோளையும் அமுக்கிவிட்டு, அதற்கும் முடிச்சுதான் என்றார்! பேக்கேஜ் பணம் முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

அமுக்க அமுக்க நாய் உதட்டை நக்கியது, வெள்ளை விழி தெரியத் திரும்பிப் பார்த்தது, பிறகு அலறியது. "வலித்தால்தான் லாக்டிக் அமிலம் கரையும்" என்று விளக்கம் வேறு. அவர் சொன்ன அந்த அமிலம், அதாவது கடுமையாக ஓடும்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட், சுமார் ஒரு மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். நாள்கணக்கில் நொண்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தசை இளகிவிட்டதாம், பந்து எறிந்து நன்றாக ஓடவிட வேண்டுமாம். ஓடவிட்டோம், நொண்டல் அதிகமானது.

வேறொரு கால்நடை மருத்துவர் நாயின் பின்னால் நின்று இரண்டு தொடைகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்று மெலிந்திருந்தது. பிறகு ஒரு கையால் தொடை எலும்பை அசையாமல் பிடித்து, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னால் தள்ளினார். நழுவியது. முழங்கால் மூட்டில் இந்த இரண்டு எலும்புகளையும் பிணைத்துவைக்கும் குருசியேட் லிகமென்ட் என்ற நார் கிழிந்திருக்கிறது. நாய்கள் பின்னங்கால் நொண்டுவதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்றாம். எக்ஸ்ரேயில் லிகமென்ட் தெரியாது, மூட்டு வீக்கமும் தேய்மானமும் தெரியும். தொடைத் தசை இறுகியிருந்தது உண்மைதான்; ஆடுகிற மூட்டைத் தாங்கத்தான் அது அப்படி இறுகியது.

கை வைத்தியமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்னொரு பிசியோதெரபிஸ்ட் தொடையை இதமாகப் பிடித்துவிடுகிறார். ஆனால் அவர் முதலில் கேட்டது மருத்துவரின் குறிப்பை. கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்துவது, நேராக உட்காரவைத்து எழுப்புவது என்று வீட்டில் செய்யும் பயிற்சியையும் கற்றுக்கொடுத்தார். நாய் முகத்தைத் திருப்பினால் கையை எடுத்துவிடுகிறார்.

அந்த ஆளிடம் மனிதர்களும் போகிறார்கள், அதுதான் இன்னும் பயம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைப் போய் அமுக்கினால் ஆபத்து. முதுகுவலியோடு சிறுநீர் போவதில் சிக்கலோ, தொடையிடுக்கில் மரத்துப்போவதோ இருந்தால் நேராக அவசர சிகிச்சைக்குத்தான் போகவேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "நாய் ஒத்துழைக்கவில்லை" என்று பதில். செய்த சிகிச்சை பற்றி எழுதிவைத்த குறிப்பும் அவரிடம் இல்லை. யாராவது போவதாக இருந்தால், ஒரு தடவைக்கு மட்டும் கட்டுகிறேன், ரசீது கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.