கத்தக் கூடாதபோது கத்தும், கத்த வேண்டியபோது ஊமையாகும்: சிறு விமான பீக்கன்களில் எது தேவலை?

சிறு விமானத்தின் வால் பக்கம் ஒரு பெட்டி இருக்கும், ஈஎல்டி என்பார்கள். விழுந்தால் தானாக அவசர சிக்னல் அனுப்ப வேண்டியது அது. இதில் வரும் கோளாறுகளை இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்று, ஹாங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், சும்மா நிற்கும்போதே அலறித் தொலைப்பது. மற்றொன்று, நிஜமாகவே விழுந்த அன்று மூச்சுவிடாமல் கிடப்பது. முதலாவது மானத்தை வாங்கும், இரண்டாவது உயிரை வாங்கும். பெட்டி பழுதானதும் "ரிப்பேர் பண்ணலாமா, புதுசு மாட்டலாமா, கையடக்கக் கருவி ஒன்று போதாதா" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விலையை மட்டும்தான் ஒப்பிடுகிறார்கள். நான் இங்கே பார்க்கப்போவது, ஒவ்வொன்றும் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை.

முதலில் பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் பெட்டி. பேட்டரி மாற்றி, சுவிட்சைச் சுத்தம் செய்தால் மறுபடி ஓடும், உண்மைதான். ஆனால் யார் கேட்பார்கள்? அவசர சிக்னல்களைக் கேட்டு மீட்பு மையங்களுக்குச் சொல்லும் காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் இந்த அலைவரிசையைக் கவனிப்பதையே நிறுத்திவிட்டன. அந்தப் பக்கம் பறக்கும் வேறு விமானமோ கட்டுப்பாட்டுக் கோபுரமோ தற்செயலாக ரேடியோவில் கேட்டால்தான் உண்டு. கேட்டாலும் வெறும் ஊளைச் சத்தம், எந்த விமானம் என்று அதில் எதுவும் தெரியாது. அமெரிக்காவில் தனியார் விமானங்களில் இதை வைத்துச் சட்டப்படி பறக்க முடிகிறது என்பது வேறு விஷயம். சட்டத்துக்குப் போதும், காட்டுக்குள் விழுந்தவனுக்குப் போதாது. இதற்கு ரிப்பேர் செலவு செய்வது எனக்கு வீண் வேலையாகத்தான் படுகிறது.

அடுத்து 406 மெகாஹெர்ட்ஸ் ஈஎல்டி. அந்தச் செயற்கைக்கோள்கள் இப்போது கேட்பது இந்த அலைவரிசையைத்தான். ஏறக்குறைய 50 நொடிக்கு ஒருமுறை, சுமார் 5 வாட் சக்தியில், அரை நொடி டிஜிட்டல் துடிப்பாக அனுப்பும். அதற்குள் அந்தப் பெட்டிக்கே உரிய அடையாள எண் இருக்கும். பொய் அலாரம் இதிலும் நிறையத்தான், ஆனால் பெட்டியை ஒழுங்காகப் பதிவு செய்து வைத்திருந்தால் மீட்பு மையத்துக்காரர்கள் முதலில் உங்களுக்கு ஒரு போன் போடுவார்கள், "ஹாங்கரில்தான் நிற்கிறது சார்" என்றால் விஷயம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். விமானத்தை வாங்கியவர் பதிவில் பழைய உரிமையாளரின் எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால் அந்த போன் யாருக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அது ஊமையாகும் விதம்தான் கவனிக்க வேண்டியது. பெட்டி நன்றாகவே இருக்கும், ஆன்டெனா கேபிள் அறுந்திருக்கும். அல்லது விமானம் தலைகீழாகக் கவிழ்ந்து ஆன்டெனா நசுங்கியிருக்கும். முதல் துடிப்பு வெளியே போகவே கிட்டத்தட்ட 50 நொடி ஆகும், அதற்குள் தீ பிடித்தாலோ தண்ணீரில் மூழ்கினாலோ போச்சு. 2010 ஆகஸ்டில் அலாஸ்காவில் முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் இறந்த விபத்தில் இருந்ததும் 406 பெட்டிதான். மோதிய வேகத்தில் அது தாங்கியிலிருந்து கழன்று, ஆன்டெனாவோடு இருந்த தொடர்பும் அறுந்துபோனது. சிக்னல் யாருக்கும் எட்டவில்லை. அதைப் பிடித்து வைத்திருந்தது வெல்க்ரோ மாதிரியான ஒட்டுப்பட்டை. உங்கள் பெட்டியும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை வால் பக்கம் எட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, ஜிபிஎஸ் கம்பியை இதோடு இணைக்காமல் பொருத்துகிறவர்கள் நிறைய. இணைத்தால் இடம் 100 மீட்டர் அளவுக்குள் தெரியும், இணைக்காவிட்டால் சில கிலோமீட்டர் வட்டம். இவ்வளவு செலவு செய்துவிட்டு அந்தக் கம்பியில் மிச்சம் பிடிப்பது என்ன கணக்கோ!

பிஎல்பி என்ற கையடக்கக் கருவியும் அதே 406, அதே செயற்கைக்கோள், மாதச் சந்தா கிடையாது, பெரும்பாலானவற்றில் ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கும், குறைந்தது 24 மணி நேரம் ஓடும். தானாகக் கத்தாது என்பதால் ஹாங்கர் கூத்து கிட்டத்தட்ட இல்லை. தானாகக் கத்தாது என்பதேதான் அதன் குறையும்: ஆன்டெனாவை விரித்து, வானம் தெரிகிற இடத்தில் வைத்து அழுத்த ஒருவர் நினைவோடு இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் சிறு விமானங்களுக்கு ஈஎல்டிக்குப் பதில் இதை ஏற்கிறார்கள், ஐரோப்பிய விதியும் பயணி இருக்கை ஆறு வரை உள்ள தனியார் விமானங்களுக்கு அனுமதிக்கிறது. அமெரிக்காவில் இது கூடுதல் துணைதான், மாற்று இல்லை.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசஞ்சர் இன்னொரு ஜாதி. இன்ரீச், ஸ்பாட் மாதிரியானவை. சந்தா கட்டணும், சார்ஜ் போடணும், மறந்தால் அது வெறும் பொம்மை. ஆனாலும் எனக்கு இதில் ஒன்று ரொம்பப் பிடிக்கும்: டிராக்கிங்கை ஓடவிட்டால் சில நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தைப் பதிந்துகொண்டே போகும். விழுந்தபின் கருவி நொறுங்கினாலும் கடைசிப் புள்ளி பத்திரமாக வேறெங்கோ இருக்கும். 2007 செப்டம்பரில் அமெரிக்க சாகச விமானி ஸ்டீவ் ஃபாசெட் காணாமல்போனபோது விமானத்தில் ஈஎல்டி இருந்தது, சிக்னல்தான் வரவில்லை. சிதைவுகள் கிடைத்தது 2008 அக்டோபரில். அப்படி ஒரு புள்ளி வரிசை மட்டும் இருந்திருந்தால் தேட வேண்டிய பரப்பு எவ்வளவோ சுருங்கியிருக்கும்.

சரி, கையில் இருக்கும் பெட்டி இப்போது தானாக அலறுகிறது, என்ன செய்வது? காக்பிட் சுவிட்சை ஆன் நிலைக்குத் தள்ளி மறுபடி ஆர்முக்கு, அதாவது விழுந்தால் தானாகக் கத்தக் காத்திருக்கும் நிலைக்கு, கொண்டுவந்தால் பல மாடல்கள் அடங்கிவிடும். அடங்கவில்லையா, பெட்டியிலேயே ஆஃப் செய்யுங்கள், அதற்கும் மசியாவிட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். அப்புறம் மீட்பு மையத்துக்கோ கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கோ நீங்களே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு அணைத்துவிட்டுப் போய்விட்டால், அங்கே ஒரு மீட்புக் குழு கிளம்பிக்கொண்டிருக்கலாம். எவ்வளவு நேரம் கத்தியது என்பதையும் குறித்துவையுங்கள், அமெரிக்க விதிப்படி மொத்தம் 1 மணி நேரத்துக்கு மேல் ஓடிய பேட்டரியை மாற்றியாக வேண்டும். எஞ்சினை அணைக்கும் முன் ரேடியோவை 121.5-க்குத் திருப்பிக் கேட்கிற பழக்கம் இருந்தால், தரை தட்டிய இறக்கத்தில் பெட்டி உசுப்பப்பட்டதை அங்கேயே பிடித்துவிடலாம். 406 பெட்டிகளும் 121.5-இல் வழிகாட்டு ஒலி அனுப்புவதால் அவற்றுக்கும் இது பொருந்தும்.

பழுதுக்குக் கழற்றி அனுப்பினால் அமெரிக்க விதி 90 நாள் வரை ஈஎல்டி இல்லாமல் பறக்க விடுகிறது. லாக் புத்தகத்தில் பதிவு வேண்டும், விமானி கண்ணில் படும்படி 'ஈஎல்டி பொருத்தப்படவில்லை' என்ற அட்டையும் வேண்டும். என்னைக் கேட்டால், வாலில் ஜிபிஎஸ் இணைத்த 406, உடம்பில் பிஎல்பி. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, சட்டமும் விடுகிறது என்றால் பிஎல்பியையே முதலில் வாங்குவேன். அந்த 90 நாளில் மெசஞ்சர் டிராக்கிங்கும் ஓடிக்கொண்டிருக்கட்டும். பிஎல்பியைப் பின் சீட்டுப் பையில் போடாதீர்கள், போட்டிருக்கும் சட்டைப் பாக்கெட்டிலேயே இருக்கட்டும், எரிகிற விமானத்திலிருந்து குதிக்கிறவன் பையைத் தேடிக்கொண்டிருக்க மாட்டான்.