புரொப்பல்லர் தரையில் அடித்த பிறகு: பிரித்துச் சோதிப்பதா, மாற்று எஞ்சினா?

செஸ்னா 172எம் என்ற சிறு விமானத்தில் இருப்பது லைகமிங் ஓ-320-இ2டி எஞ்சின், 150 குதிரைத்திறன். அதன் புரொப்பல்லர் தரையில் அடித்துவிட்டால் எஞ்சினைப் பிரித்துச் சோதிக்கலாம், அல்லது மாற்று எஞ்சின் வாங்கலாம். புரொப்பல்லர் நுனி மட்டும்தான் வளைந்திருக்கிறது, எஞ்சின் சீராக ஓடுகிறது என்று அப்படியே பறப்பது மூன்றாவது வழியே அல்ல. அந்த அடி, புரொப்பல்லரைச் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டுக்கும் போகிறது. அதன் பின்முனைப் பல்சக்கரத்தை ஒரே ஒரு போல்ட்டும் இடம் பிசகாமல் வைக்கும் ஒரு சிறு டவல் முளையும்தான் பிடித்திருக்கின்றன. அவை அறுந்தால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோக்களும் ஒரே நொடியில் நின்றுவிடும். அதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ, 2004-10-14 என்ற எண்ணுள்ள உத்தரவில் அந்த இடத்தைச் சோதித்து, போல்ட்டையும் பூட்டுத் தகட்டையும் புதிதாகப் போடச் சொல்கிறது. தண்டின் வளைவை அளக்கும் டயல் கேஜ் முன்முனையில் நேராகக் காட்டினாலும் விரிசல் இல்லை என்று அர்த்தமில்லை. பாகத்தைக் காந்தமாக்கி, இரும்புத்துகள் விரிசலில் சேர்கிறதா என்று பார்க்கும் காந்தத்துகள் சோதனைதான் அதைக் காட்டும்.

700, 800 மணி நேரமே ஓடி, வாராவாரம் பறந்த எஞ்சின் என்றால் பிரித்துச் சோதித்துப் பூட்டுவதே சரி. பொதுவாகக் காப்பீடு, பிரிக்கும் கூலியையும் அடியில் சேதமான பாகங்களையும் ஏற்கும். தேய்ந்தவை உங்கள் செலவு.

1,700 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் கணக்கு மாறும், ஏனெனில் எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்கான வரம்பு 2,000 மணி நேரம். மாதக்கணக்கில் நின்ற விமானத்தில் கேம்ஷாஃப்ட் பெரும்பாலும் துருவால் குழி விழுந்திருக்கும். லைகமிங்கில் அது மேலே இருப்பதால் எண்ணெய் வடிந்துவிடுகிறது. அப்போது மாற்று எஞ்சினே மேல். ஆனால் மாற்றாக நீங்கள் கொடுக்கும் பழைய எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட் பயன்படாவிட்டால் விற்பவர் எவ்வளவு பணம் பிடித்துக்கொள்வார் என்பதை முன்பே எழுத்தில் வாங்குங்கள்.